விம்மல் புத்தகம்

அப்பா ஊருக்குப் போடும் கடிதங்களின் மேல்மூலையில் 'பொன்' என்று எழுதுவார். யேர்மன்காரரின் வாயில் அந்த ஊர்ப்பெயர் அப்படித்தான் ஒலிக்கும். தமிழகத்துப் பத்திரிகைகளில் அதே ஊர் 'பான்'. அம்மாவுக்கு எந்த எழுத்தானாலும் ஒன்றுதான். "பொன் விளையிற ஊர் எண்டு கூட்டிக்கொண்டு வந்தார். இஞ்சை உருளைக்கிழங்கெல்லோ விளையுது" என்று குசினிக்குள் நின்றபடி சொல்லுவார். அப்பா கடிதத்திலிருந்து தலையை நிமிர்த்தமாட்டார்.

1986இல் நாங்கள் வந்து சேர்ந்தபோது எனக்கு நாலு வயது. கிழக்கு பெர்லினில் இறங்கியது, மேற்கே கடந்தது, முகாம் மாறி முகாம் அலைந்தது எல்லாம் வீட்டில் கேட்டுக் கேட்டே என் நினைவாகிப் போனவை. எனக்கென்று சொந்தமாக உள்ள முதல் நினைவு மணல். பானின் வடபுறத்தில் டான்னென்புஷ் என்ற பகுதி. மாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே அங்கே ஒரு மணல்மேடு இருக்கிறது. கடல் எங்கோ கிடக்க, பனியுகத்துக் காற்று கொண்டுவந்து குவித்துவிட்டுப் போன மணல். அம்மா வடமராட்சிக்காரி, மணற்காட்டு மணல்மேடுகளில் ஏறிச் சறுக்கி வளர்ந்தவர். இந்த மேட்டை முதன்முதல் பார்த்த அன்று, அந்தக் குளிரிலும், சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "மணலுக்குள்ளை ஆர் சப்பாத்தோடை நடக்கிறது?" அந்த ஊரில் வேறெதையும் வாசிக்கத் தெரியாத அம்மா, தயங்காமல் வாசித்த முதல் பக்கம் அந்த மணல்தான்.

எனக்கும் வாசிக்கத் தெரியாது, பேசவும் தெரியாது. பாலர் பாடசாலையில் மற்றப் பிள்ளைகள் கட்டைகளை அடுக்கிச் சண்டை பிடிக்கும்போது நான் புத்தக மூலையில் போய் உட்காருவேன். புத்தகத்தில் பிரியம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான். உள்ளங்கைக்குள் அடங்கும் பிக்சி புத்தகங்கள் ஒரு கூடையில் கிடக்கும். பத்துக்குப் பத்து சென்ரிமீற்றர், இருபத்து நாலு பக்கம். 1954 தொடக்கம் இந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் பிசைந்து கிழித்து வளர்ந்த புத்தகங்கள். ஊசி போட்டு முடிந்ததும் டொக்டரும் ஒரு பெட்டியை நீட்டி ஒன்று எடுக்கச் சொல்லுவார். ஆறு ஊசிக்கு ஆறு புத்தகம். அம்மா அவற்றை ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் போட்டு மூடி வைத்தார். எங்கள் வீட்டின் முதல் நூலகம் அந்த ரின்தான்.

அப்பா என்னை உண்மையான நூலகத்துக்குக் கூட்டிப்போனது அடுத்த ஆண்டு. எங்கள் பகுதிக் கிளை, சின்ன இடம். உள்ளே போனதும் நான் தரைவிரிப்பில் கிடந்த பெரிய தலையணைகளைப் பார்த்தேன். அப்பா சுவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். தீயணைக்கும் சிவப்புச் சிலிண்டர் எந்த மூலையில் இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் கதிரையில் உட்கார்ந்தார். பிறகு எந்த நூலகத்துக்குப் போனாலும் அவருக்கு அதுதான் முதல் வேலை. 1981 ஜூன் முதலாம் திகதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் எரிந்தன. அந்தப் புகையைக் கண்ட மனிதர் அவர் என்று நான் பொருத்திப் பார்க்கப் பத்துப் பன்னிரண்டு வருடம் பிடித்தது.

அன்று நான் எடுத்து வந்த புத்தகம், ஒரு புழு தின்றுகொண்டே போகும் கதை. எரிக் கார்ல் செய்தது, 1969இல் வந்தது. பிற்காலத்தில் அவரைப் பற்றி வாசித்தேன். அமெரிக்காவில் பிறந்தவரை ஆறு வயதில் பெற்றோர் தங்கள் ஊரான ஸ்டுட்கார்ட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒருநாள் காகிதத்தில் துளை போடும் கருவியால் சும்மா துளைத்தபோது, புழு தின்ற ஓட்டை போலத் தெரிந்ததாம். அதுதான் விதை. விதவிதமான அகலத்தில் பக்கங்களும் அவற்றில் ஓட்டைகளும் வைத்துக் கட்டுபடியாகும் விலைக்கு அச்சிட அமெரிக்காவில் ஆள் அகப்படாமல், ஜப்பானில் அச்சிட்டார்கள். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்த ஓட்டைக்குள் என் சுண்டுவிரல் சரியாகப் போகும்.

அம்மா அட்டையைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார். "சீ, மயிர்க்கொட்டி! இதையோ இரவல் எடுத்துக்கொண்டு வந்தனி?" ஊரில் முருங்கை மரத்தில் அப்பிக் கிடக்கும், மேலே பட்டால் உடம்பெல்லாம் தடிக்கும், பந்தம் கொளுத்திப் பொசுக்குவார்கள். நான் அழத் தயாரானேன். அம்மா பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மடியில் வைத்தார். யேர்மன் எழுத்துகளின் பக்கம் அவர் கண் போகவேயில்லை. ஓட்டைகளை எண்ணினார். திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு. அப்பிளை அப்பிள் என்றே விட்டார். பிளம்ஸ் நாவற்பழம் ஆனது. ஸ்ட்ரோபெரி வந்த இடத்தில் விரலை வைத்து, "உள்ளுக்குக் கிடக்கவேண்டிய விதையெல்லாம் வெளியிலை நிக்குது, இது என்ன பழமோ" என்றார். சனிக்கிழமை வந்தது. அந்தப் பக்கத்தில் புழு கேக், பாலாடைக்கட்டி, சலாமி, சொசேஜ் என்று வரிசையாகத் தின்கிறது. அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "புரட்டாதிச் சனி பாத்து இறைச்சி தின்னுது. வயித்துக் குத்து வராமல் என்ன செய்யும்?"

இரண்டு கிழமை கழித்துப் பாலர் பாடசாலையில் அதே புத்தகத்தை ரீச்சர் வாசித்தார். சனிக்கிழமைப் பக்கம் வந்ததும் நான் காத்திருந்தேன். விரதத்தைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. ரீச்சர் ஒரு வரியை விழுங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

எல்லாப் புத்தகமும் அப்படிச் சிரிக்க வைக்கவில்லை. ஒருநாள் வகுப்பில், பரட்டைத்தலைப் பையன் அட்டையில் நிற்கும் அந்தப் பழைய புத்தகத்தை வாசித்தார்கள். ஸ்ட்ருவல்பேட்டர். பிராங்பேர்ட் வைத்தியர் ஹைன்ரிக் ஹோஃப்மன் தன் மூன்று வயது மகனுக்கு நத்தார்ப் பரிசாகத் தானே வரைந்து எழுதி, 1845இல் அச்சில் வந்த புத்தகம். அதில் கைசூப்பும் பையனின் கட்டைவிரல்களைத் தையல்காரன் பெரிய கத்தரிக்கோலால் வெட்டிவிடுவான். நான் அப்போதும் கைசூப்புவேன். மூன்று இரவு கைகளில் காலுறை மாட்டிக்கொண்டு படுத்தேன். அதைவிட மோசம் அதே புத்தகத்தின் இன்னொரு கதை. ஒரு கறுப்புப் பையனைக் கேலி செய்யும் மூன்று பையன்களை மைக்கூட்டுக்குள் முக்கி எடுப்பார்கள். அவனைவிடக் கறுப்பாக அவர்கள் வெளியே வருவார்கள். கேலி கூடாது என்று சொல்லத்தான் ஹோஃப்மன் எழுதினார். ஆனால் கறுப்பாவதே தண்டனை என்றால், பிறக்கும்போதே கறுப்பாகப் பிறந்தவள் என்ன குற்றம் செய்தாள்? இந்தக் கேள்வியைக் கேட்க அன்று எனக்குச் சொல் இல்லை. வகுப்பு முழுவதும் மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது மட்டும் தெரியும். வாசித்தவர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

காலுறைக் கையைக் கண்டு அம்மா கேட்டார். புத்தகத்தை நூலகத்தில் தேடி எடுத்து வந்து காட்டினேன். தையல்காரன் படத்தை அம்மா நிதானமாகப் பார்த்தார். "உந்தாளுக்குத் தைக்க ஒண்டும் கிடைக்கேல்லைப் போலை. கொப்பாவின்ரை காற்சட்டை கிழிஞ்சு கிடக்கு, கொண்டுபோய்க் குடு." அன்று இரவு காலுறையைக் கழற்றிவிட்டேன். மைக்கூட்டுப் பக்கத்தை அம்மா ஒன்றும் சொல்லாமல் புரட்டினார். புரட்டிய கை ஒருமுறை என் தலையில் வந்து இருந்தது.

1988இல் பள்ளிக்கூடம். முதல் நாளில் ஒவ்வொரு பிள்ளையும் தன் உயரத்தில் பாதி இருக்கும் கடதாசிக் கூம்பு ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரும். உள்ளே இனிப்பு, பென்சில், விளையாட்டுச் சாமான். பானில் அந்த இனிப்பு பெரும்பாலும் ஹரிபோவாக இருக்கும். யேர்மன் எழுத்தில் அந்தப் பெயரின் கடைசி இரண்டெழுத்தே இந்த ஊர்தான். 1920இல் ஹன்ஸ் ரீகல் இங்கே தொடங்கிய கம்பனி. என் கூம்புக்குள் பயற்றம் உருண்டையும் ஒரு கொப்பியும் இருந்தன. ஒரே கிழமையில் கொப்பி யேர்மன் எழுத்துகளால் நிறைந்தது. தமிழ் எழுத்துக்கு நான் மறுத்துவிட்டேன். ஆனா ஆவன்னா எழுதச் சொன்னால் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வேன். அந்த எழுத்தை எங்கே காட்டினாலும் ஒருவருக்கும் தெரியாது. பிறகு அதை எதற்கு எழுத வேண்டும்?

அந்தக் காலத்தில்தான் அந்தப் பெரிய அட்டைப் புத்தகம் வீட்டுக்கு வந்தது. அலி மிட்குச் வரைந்தது. 1968இல் ராவன்ஸ்பூர்க் நகரத்துப் பதிப்பகம் வெளியிட்டு, அடுத்த ஆண்டே யேர்மனியின் இளையோர் நூல் பரிசைப் பெற்ற புத்தகம். தலைப்பில் 'என் ஊரைச் சுற்றி' என்ற பொருள். திறந்தால் இரண்டு பக்கம் முழுவதும் ஊர். மாடியிலிருந்து சாய்வாகப் பார்ப்பதுபோல ஒரு கோணம். நூற்றுக்கணக்கில் மனிதர்கள். ஒருவன் விழுகிறான், ஒருத்தி திட்டுகிறாள், ஒரு நாய் எதையோ இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஒரு சொல்கூடக் கிடையாது. இந்த வகைப் புத்தகத்துக்கு யேர்மனில் 'விம்மெல்' புத்தகம் என்று பெயர். எறும்புபோல மொய்த்துக் கிடப்பதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. நான் வாசலில் நின்றே கத்தினேன்: "அம்மா, விம்மெல் புத்தகம்!"

"விம்மலோ? ஆர் விம்முறது?" என்று ஈரக்கையோடு ஓடி வந்தார்.

யாரும் விம்மவில்லை. அம்மா கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, முதல் விரிப்பைக் கனநேரம் பார்த்தார். "சந்நிதித் தேர் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதித் தேருக்கு எவ்வளவு சனம் வருமென்று சொல்லத் தொடங்கியவர், சொல்லிக்கொண்டே படத்துக்குள் போய்விட்டார். கூடை வைத்திருந்தவள் சந்தைக்குப் போகும் மாமி. சைக்கிளில் வந்தவர் தபால்காரர், சந்தேகமேயில்லை. தொப்பிக்காரர் சங்கக்கடை மனேச்சர். அரிசி வந்தாலும் இல்லையென்றுதான் சொல்லுவார். சுவரோடு ஒட்டி நிற்கும் பொடியன் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் அடித்தவன். "இவள் ஏன் யன்னலாலை எட்டிப் பாக்கிறாள் தெரியுமே?" எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

கடைக்குப் போனாலும் கந்தோருக்குப் போனாலும் நான்தான் அம்மாவின் வாய். ஆறு வயதில் வீட்டு வாடகைக் கடிதத்துக்கு மொழிபெயர்ப்பு சொன்னவள் நான். அதில் எனக்கு ஒரு மிதப்பும் இருந்தது. இந்தப் புத்தகத்தின் முன்னால் மட்டும் அம்மா என்னை எதுவும் கேட்கவில்லை. நான்தான் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அம்மா பேனையை எடுத்தார். நீலப் பேனை. நாய்க்குப் பக்கத்தில் 'நாய்' என்று எழுதினார். மாமியின் கூடைக்கு மேல் 'கத்தரிக்காய் இருக்கே?' மதிலோரத்தில் உட்கார்ந்திருந்த கிழவிக்கு மேல் 'ஐயோ என்ர முழங்கால்'. கள்ளப் பொடியனுக்கு 'ரீச்சர் காணக்கூடாது'. அவன் என்ன சொல்லுகிறான் என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். ரீ, ச், ச, ர் என்று ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தேன். நான் வாசித்த முதல் தமிழ்ச் சொல் அதுதான்.

புத்தகம் இரவல் என்பது இருவருக்கும் மறந்தே போய்விட்டது.

திருப்பிக் கொடுக்கும் நாளில் என் கால்கள் பின்னின. நூலக மேசைக்குப் பின்னால் இருந்த வயதான பெண்மணி பக்கங்களைப் புரட்டினார்; நின்றார்; கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி புரட்டினார். இது என்ன என்று கேட்டார். என் அம்மா எழுதியது என்றேன். கிழவியின் மேல் விரலை வைத்து, இங்கே என்ன எழுதியிருக்கிறது என்றார். என் முழங்கால் நோகுது என்று எழுதியிருக்கிறது என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்துத் தன் முழங்காலைத் தடவிக் காட்டினார். அம்மாவும் சிரித்தார். பிறகு அந்தப் பெண்மணி, குரலை மாற்றாமலே, ஒரு பட்டியலை எடுத்துப் புத்தகத்தின் விலையைச் சொன்னார். பென்சிலால் எழுதியிருந்தால் அழித்திருக்கலாம், பேனை என்பதால் வழியில்லை என்று என்னிடம் சொல்லி, அம்மாவிடம் சொல்லச் சொன்னார்.

இருபது மார்க்குக்குக் கிட்ட. பாட் கோடஸ்பெர்க்கில் ஒரு உணவகத்தின் பின்னறையில் அப்பா கோப்பை கழுவும் சம்பளத்தில் அது சின்னக் காசில்லை. அம்மா எண்ணிக் கொடுத்தார். அந்தப் பெண்மணி முதல் பக்கத்தில் ஒரு முத்திரை குத்தினார்: நூலக இருப்பிலிருந்து நீக்கப்பட்டது. ரசீதை உள்ளே வைத்துப் புத்தகத்தை எங்களிடமே நீட்டினார். ட்ராம் தரிப்பு வரை நான் வாய் திறக்கவில்லை. அம்மாதான் சொன்னார்: "இனி இது எங்கடை புத்தகம். பயமில்லாமல் எழுதலாம்."

எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் இடியப்பமும் சொதியும் என்று கேள்விப்பட்டு, அகதி வழக்கு முடியாமல் காத்திருக்கும் பொடியள் நாலைந்து பேர் வந்துவிடுவார்கள். என்னுடைய மாமாமார். சாப்பிட்டு முடிந்ததும் புத்தகத்தை விரித்து வைத்து ஆளுக்கொரு மூலையைப் பிடிப்பார்கள். பஸ் ஒன்றின் நெற்றியில் ஒரு மாமா 750 என்று எழுதி, பருத்தித்துறை – யாழ்ப்பாணம் என்று பலகையும் போட்டார். இன்னொருவர் கட்டட வேலைத்தலத்தில் மண்வெட்டியோடு நிற்பவனுக்கு மேல் 'இவனுக்கு விசா இருக்கு' என்று எழுதினார். அதை வாசித்து ஏன் எல்லாரும் அவ்வளவு நேரம் சிரித்தார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வேறு புத்தகங்களும் வந்து போயின. யானோஷ் 1978இல் எழுதி வரைந்த, பனாமாவைத் தேடிப் போகும் கரடியும் புலியும். ஆற்றில் மிதந்து வந்த ஒரு பெட்டியின் வாழைப்பழ வாசனையை நம்பி இரண்டும் வீட்டை விட்டுப் புறப்படும். சுற்றிச் சுற்றித் தங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்து, இதுதான் பனாமா என்று மகிழ்ந்து குடியிருக்கும். நான் கதையைத் தமிழில் சொல்லி முடித்ததும் அப்பா, "சுத்திச் சுத்திச் சுப்பற்றை கொல்லைக்குள்ளை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அதுகளுக்குப் பரவாயில்லை. கொல்லை இருந்துது" என்றார். லியோ லியோன்னியின் பிரெடரிக்கும் வந்தான். மற்ற எலிகள் குளிர்காலத்துக்குத் தானியம் சேர்க்க, இவன் வெயிலையும் நிறங்களையும் சொற்களையும் சேர்ப்பான். தானியம் முடிந்து எல்லாரும் விறைத்துக் கிடக்கும்போது அவன் சேர்த்தவை வெளியே வரும். ரைன் ஆற்றிலிருந்து பனிப்புகார் ஏறி, நாலரை மணிக்கே இருட்டிவிடும் நவம்பரில், அம்மா மாமாமாருக்குச் சந்நிதித் தேரைச் சொல்லிக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டு பிரெடரிக் யாரென்று எனக்கு எந்த ரீச்சரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வளர்ந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். எங்கள் வீட்டுக்குள் சுலபமாக நுழைந்த புத்தகங்களைச் செய்தவர்கள் பலரும் ஊர் மாறியவர்கள். கார்ல் நாடு மாறி, பிறகு திரும்பிப் போனவர். லியோன்னி ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, இத்தாலியின் இனச் சட்டங்களுக்குப் பின் 1939இல் அமெரிக்காவுக்குப் போனவர். யானோஷின் சொந்த ஊர் போருக்குப் பின் போலந்துக்குள் போயிற்று. பேச்சு எடுபடாத இடத்தில் கையால் காட்டிப் பேசிப் பழகியவர்கள் அவர்கள். அதனால்தான் அவர்களுடைய படங்கள் மொழிக்குக் காத்திராமல் பேசுகின்றன என்று நான் நம்புகிறேன். யெல்லா லெப்மனையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். நாசிகளிடமிருந்து தப்பிப் போன யூதப் பெண். போர் முடிந்ததும் திரும்பி வந்து, இடிந்து கிடந்த யேர்மனியின் பிள்ளைகளுக்குப் பல நாடுகளிலிருந்து புத்தகம் கேட்டு எழுதினார். 1946இல் மியூனிக்கில் கண்காட்சி வைத்தார். 1949இல் அதே நகரில் சர்வதேச இளையோர் நூலகத்தைத் தொடங்கினார். சாப்பாட்டுக்கே வழியில்லாத நாட்டில் படப்புத்தகம் எதற்கு என்று அன்று யாராவது கேட்டிருந்தால், எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளைப் பதிலாகக் காட்டலாம்.

தமிழில் படப்புத்தகம் அந்த வருடங்களில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பாடப்புத்தகம் இருந்தது. படிக்கத்தான் அது, படுத்துக்கொண்டு பார்க்க அல்ல. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் 'கத்தரி வெருளி'யைப் பாடமாக்கினோம். தோட்டத்து வெருளியை நான் பார்த்ததே இல்லை. அம்மா அப்பாவின் பழைய சேட்டைத் தும்புத்தடியில் மாட்டிக் காட்ட, நான் அதைப் பார்த்து எட்டுத் தாளில் வரைந்து நூலால் தைத்தேன். தமிழில் நான் வைத்திருந்த முதல் படப்புத்தகம் நானே தைத்ததுதான். சென்னையில் தாரா 1994இலும் தூலிகா 1996இலும் தொடங்கியிருந்தன என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரியும்.

பிறகு கொலோனில் ஆசிரியப் படிப்பு. தினமும் பதினாறாம் இலக்கமோ பதினெட்டாம் இலக்கமோ ட்ராம். 2003இல் பானின் பொப்பல்ஸ்டோர்ஃப் நிழற்சாலையில் ஊர்ப் பொது அறக்கட்டளை ஒரு கண்ணாடி அலுமாரியை நிறுத்தியது. பூட்டில்லை, காவலில்லை. விரும்பியதை எடுக்கலாம், இருப்பதை வைக்கலாம். நான் பிஸ்கட் ரின்னிலிருந்த பிக்சி புத்தகங்களைக் கொண்டுபோய்க் கீழ்த்தட்டில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தேன். மறுநாள் ஒன்றுமே இல்லை. விம்மல் புத்தகத்தை மட்டும் கொண்டுபோகவில்லை.

இப்போது இதே ஊரில் ஒரு தொடக்கப்பள்ளியில் முதலாம் வகுப்பு எனக்கு. இருபத்து மூன்று பிள்ளைகள். வீட்டில் பேசும் மொழிகள் ஒன்பது. எந்தப் படப்புத்தகம் வாங்கலாம் என்று இளம் ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கும்போது, நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: பள்ளிக்கூடத்து மொழி தெரியாத ஒரு தாய் இதை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைக்குச் சொல்ல முடியுமா? முடியுமென்றால் அது நல்ல புத்தகம். வயது, பாடம், பரிசு எல்லாம் அதற்குப் பிறகு.

அந்தக் கண்ணோடு சில பெயர்கள் சொல்கிறேன். ரோட்ராவுட் சூசன் பேர்னரின் பருவகால விம்மல் புத்தகங்கள். முதலாவது குளிர்காலம், 2003இல் வந்தது. அதே ஊர், அதே மனிதர்கள், பருவம் மட்டும் மாறும். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஆளைக் கொடுத்து, பக்கம் பக்கமாக அவரைப் பின்தொடர்ந்து போய், வீட்டு மொழியிலேயே கதை சொல்லச் சொல்வேன். மற்றவர்களுக்குச் சொல் விளங்காது, விரல் விளங்கும். ஹொல்ஸ்வார்ட் எழுதி வொல்ஃப் எர்ல்புருக் வரைந்த, தலையில் யாரோ கக்கா போட்டுவிட்டுப் போன அகழெலியின் கதை, 1989. ஒவ்வொரு மிருகத்தின் கக்காவும் எப்படிச் சத்தமிட்டு விழுகிறது என்று கேட்டால் ஒன்பது மொழியிலும் பதில் வரும். கிழமைக்கணக்கில் வாய் திறக்காதிருந்த பிள்ளை அன்றைக்குத் திறக்கும். பொத், சளார், பொலபொல என்று தமிழ் இங்கே யாருக்கும் தோற்காது. தூலிகாவின் 'கஜபதி குலபதி'யில் அசோக் ராஜகோபாலனின் யானைக்குத் தடிமன் பிடிக்கும். அது தும்முவதை நான் ஒருமுறை வாசித்தால், வகுப்பு பத்துமுறை தும்மிக் காட்டும். கையில் காசில்லாத பள்ளிக்கு, பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. ஒரே படக்கதையைத் தமிழிலும் வேறு பல மொழிகளிலும் இலவசமாக எடுத்து அச்சிடலாம். தமிழ்நாட்டின் வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்திருப்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. நுழைவதற்கே ஒரு படி வேண்டும் என்று புரிந்த யாரோ வைத்த பெயர்கள் அவை.

ஸ்ட்ருவல்பேட்டரை நான் ஒளித்து வைப்பதில்லை. ஆனால் முதலாம் வகுப்புத் தட்டில் அது கிடையாது. பெரிய வகுப்புக்குப் போனதும், எதிர்க்கேள்வி கேட்கச் சொல் வந்ததும், அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து திறக்க வேண்டிய புத்தகம் அது.

வாசிக்கும் முறையும் அம்மாவிடம் படித்ததுதான். பக்கத்தைப் பிள்ளை புரட்டட்டும். ஒரே புத்தகத்தைப் பத்தாம் முறை கேட்டால் பத்தாம் முறையும் வாசியுங்கள். இங்கே பல வகுப்புகளில் கமிஷிபாய் என்ற மரச்சட்டம் இருக்கிறது. கோவில் கதவுபோலத் திறந்தால் உள்ளே படத்தாள். ஒன்றை உருவினால் அடுத்தது தெரியும். படத்தை உருவிவிட்டு நான் உடனே பேசமாட்டேன். மனதுக்குள் பத்து எண்ணுவேன். அந்தப் பத்துக்குள் பிள்ளைகள் கண்டுபிடிப்பவை என் கையிலுள்ள தாளில் இருக்காது. முடிந்ததும், "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்காதீர்கள். நீதியைத் தேடிப் பழகிய கை நம்முடையது. அந்தப் பழக்கம் படத்தைப் பார்க்கவிடாது. அம்மா என்னை அப்படி ஒருமுறையும் கேட்டதில்லை. விழுந்தவனுக்கு நொந்ததா என்றுதான் கேட்பார்.

நவம்பர் மூன்றாம் வெள்ளிக்கிழமை இந்த நாடு முழுவதும் உரக்க வாசிக்கும் நாள்; 2004 தொடக்கம் நடக்கிறது. அன்று பெற்றோரை வகுப்புக்குக் கூப்பிட்டு, சொல்லில்லாத புத்தகங்களை மேசையில் விரித்து வைப்பேன். மஞ்சள் ஒட்டுத்தாள்களும் பென்சில்களும் கொடுப்பேன். அரபியில், குர்தியில், போலிஷில், துருக்கியில், தமிழில் எழுதி ஒட்டுகிறார்கள். யேர்மன் தாய் ஒருத்தி தன் பாட்டியின் கொலோன் பேச்சுவழக்கில் எழுதினார். போன வருடம் என் அம்மாவையும் கூட்டிப்போனேன். எழுபது தாண்டிவிட்டது. மதிலோரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவியைத் தேடிப் பிடித்து ஒட்டுத்தாளில் என்னவோ எழுதினார். கிட்டப் போய்ப் பார்த்தேன். 'ஐயோ என்ர முழங்கால்.' இந்த முறை அது அவருடைய முழங்கால்.

பழைய விம்மல் புத்தகம் என் அலுமாரியில் இருக்கிறது. நூலக முத்திரை மங்கவில்லை. ரசீதின் எழுத்துத்தான் மறைந்துவிட்டது. உங்கள் பிள்ளையின் வகுப்புக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க நினைத்தால், சொல்லே இல்லாத ஒரு படப்புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள். கூடவே ஒரு பென்சிலும். இரவல் புத்தகமென்றால் பேனை வேண்டாம்.